வாசலில் நிற்பவனுக்கு வழிபடுவோர் பட்ட கடன்

யூதர்கள் தங்கள் வழிபாட்டுக்குக் காவல் நிற்கும் வீரர்களுக்குச் சொல்லும் நன்றியைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட கேள்வியில் இரண்டு ஐயங்கள் உள்ளன. 'கர்த்தர் நகரத்தைக் காவாராகில் காவலாளர் விழித்திருக்கிறது விருதா' என்று 127ஆம் சங்கீதத்தை ஓதுகிற யூதர்கள், எருசலேமிலும், மேற்குக் கரை நகரங்களான எபிரோனிலும் நாப்லஸிலும் தங்கள் வழிபாட்டுக்குக் காவல் நிற்கும் படைவீரர்களுக்கு இத்தனை உருக்கமாக நன்றி சொல்வது அவர்களுடைய நம்பிக்கைக்கே முரணாகாதா என்பது முதலாவது ஐயம். அந்த நன்றி ஓர் அரசியல் நிலைப்பாட்டுக்குப் போர்த்திய போர்வைதானா என்பது இரண்டாவது. முதலாவதற்கு யூத மரபு வெகுகாலத்துக்கு முன்பே விடை சொல்லிவிட்டது. இரண்டாவதற்கு விடை காண வேண்டுமானால், அந்த நன்றி யாருக்கெல்லாம் சொல்லப்படுகிறது, சொன்னவர் அதன் பிறகு எப்படி நடந்துகொள்கிறார் என்பவற்றைப் பார்க்க வேண்டும். நிகழ்ச்சிகளைச் சொல்லாமல் அதை விளக்க முடியாது; அதனால் பதில் சற்று நீளும்.

வேதத்திலேயே இந்தக் கேள்விக்கு இரண்டு முகங்கள் உண்டு. பாபிலோனிலிருந்து எருசலேமுக்குத் திரும்பிய எஸ்றா, 'எங்கள் தேவனுடைய கரம் எங்கள்மேல் இருக்கிறது' என்று பாரசீக மன்னனிடம் முன்னமே சொல்லிவிட்டபடியால், வழித்துணைக்குப் படைவீரரையும் குதிரைவீரரையும் கேட்க வெட்கப்பட்டு, உபவாசம் இருந்து ஜெபித்துவிட்டுக் காவலின்றியே புறப்பட்டார். சில ஆண்டுகள் கழித்து எருசலேமுக்கு வந்த நெகேமியாவோ மன்னன் அனுப்பிய சேனாபதிகளோடும் குதிரைவீரரோடும் வந்து சேர்ந்தார். எஸ்றாவைப் பக்திமான் என்றும் நெகேமியாவை நம்பிக்கை குன்றியவர் என்றும் மரபு பிரிக்கவில்லை. இருவரையும் ஒரே மதிப்போடு நினைவில் வைத்திருக்கிறது. எருசலேமின் அலங்கத்தைக் கட்டும்போது எதிரிகள் சூழ்ந்ததைப் பற்றி நெகேமியா எழுதியிருப்பதைப் படித்தால் காரணம் விளங்கும். தேவனை நோக்கி ஜெபம்பண்ணினோம், இரவும் பகலும் காவல் வைத்தோம் என்று இரண்டையும் அவர் ஒரே மூச்சில் சொல்கிறார். ஒன்று மற்றொன்றுக்கு மாற்று என்ற எண்ணமே அங்கே தலைகாட்டவில்லை.

எருசலேம் ஆலயம் நின்றிருந்த காலத்தில் காவல் வழிபாட்டுக்குப் புறம்பான வேலையாகக்கூடக் கருதப்படவில்லை. ஆலயத்தின் அளவுகளையும் அமைப்பையும் விவரிக்கும், மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பின் 'மித்தோத்' பகுதி, பலிபீடத்திலிருந்தோ மகாபரிசுத்த ஸ்தலத்திலிருந்தோ தொடங்கவில்லை. இரவுக் காவலிலிருந்து தொடங்குகிறது. ஆசாரியர் மூன்று இடங்களிலும் லேவியர் இருபத்தொரு இடங்களிலும் நின்றார்கள். காவல் தலைவன் தீவட்டிகள் முன்னே செல்ல ஒவ்வொரு நிலையாகச் சுற்றி வருவான். எழுந்து நின்று அவனுக்குச் சமாதானம் சொல்லாத காவலன் தூங்கிவிட்டான் என்று தெரிந்துகொண்டு, கோலால் அடிப்பான். தூங்கியவனின் ஆடையைக் கொளுத்தவும் தலைவனுக்கு உரிமை இருந்தது. எலியேசர் பென் யாக்கோபு என்ற ஆசிரியர், தம் தாயின் சகோதரரே ஒருமுறை இப்படித் தூங்கிப்போய் ஆடை எரிக்கப்பட்டதை அங்கே பதிவு செய்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டின் பேரறிஞர் மைமோனிடிஸ் இந்தக் காவலுக்குக் கூறும் காரணம், பகைவர் பற்றிய அச்சம் இல்லை. காவலர் நிற்கும் அரண்மனைக்கும் நிற்காத அரண்மனைக்கும் மதிப்பில் வேறுபாடு உண்டு என்பதுதான். ஆக, வாசலில் நிற்பவன் வெளியே நின்றாலும் உள்ளே நடப்பதில் பங்குடையவன்.

யூத நெறிநூல்களும் இந்த வழியிலேயே செல்கின்றன. ஒரு கட்டளையை நிறைவேற்றிக்கொண்டிருப்பவனுக்கு அந்த நேரத்தில் வரும் மற்றொரு கட்டளையிலிருந்து விலக்கு உண்டு என்பது, மிஷ்னாவை விரித்துரைக்கும் தல்மூத் வகுத்த விதி. எல்லையோர ஊர் தாக்கப்படும்போது ஓய்வுநாளாயினும் ஆயுதத்தோடு புறப்பட வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஆகவே வெள்ளிக்கிழமை மாலை உள்ளே ஓய்வுநாளை வரவேற்கும் பாடல் ஒலிக்கும்போது, வெளியே துப்பாக்கியும் கம்பியில்லாக் கருவியுமாக நிற்கும் பக்தியுள்ள வீரன் ஓய்வுநாளை மீறியவனாகமாட்டான். தாவீது வகுத்த நியாயத்தையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். அமலேக்கியரைத் துரத்திப் போரிட்டவர்களின் பங்கும், களைத்துப்போய்ப் பொருள்களண்டையில் காவல் இருந்தவர்களின் பங்கும் ஒன்றே என்று அவர் தீர்ப்பளித்தார். காவல் இருந்தவர்களுக்குப் பங்கு தரக் கூடாது என்று முறுமுறுத்தவர்களை அந்த நூல் 'பொல்லாதவர்கள்' என்றே குறிப்பிடுகிறது. நன்றி மறந்தவர்களுக்கு வேதம் தரும் பெயர் அவ்வளவு கடுமையானது.

இன்று உலகின் பல ஜெப ஆலயங்களில் ஓய்வுநாளன்று மோசேயின் ஐந்து நூல்களான தோராவை வாசித்து முடித்தபின், இஸ்ரேலியப் படைவீரர்களுக்காக ஓர் ஆசீர்வாத ஜெபம் சொல்லப்படுகிறது. அதை இயற்றியவர் இஸ்ரேலியப் படையின் முதல் தலைமை ரபியான ஷ்லோமோ கோரென். 1967 ஜூன் மாதம் படைகள், பழைய ஆலய வளாகத்தின் எஞ்சிய மதிலான மேற்குச் சுவரை அடைந்தபோது அங்கே ஷோபார் கொம்பை ஊதியவரும் அவரே. ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகிய முன்னோரை ஆசீர்வதித்தவர், லெபனான் எல்லை முதல் எகிப்தின் பாலைவனம் வரை தரையிலும் வானிலும் கடலிலும் காவல் நிற்போரையும் ஆசீர்வதிப்பாராக என்று அது தொடங்குகிறது. அந்த ஜெபம் வீரனைக் கடவுளின் இடத்தில் வைக்கவில்லை. காவலனைக் காக்கும்படி கடவுளிடம் மன்றாடுகிறது. 127ஆம் சங்கீதத்தோடு அதற்கு எந்தப் பிணக்கும் இல்லை.

இந்த நன்றியில் இத்தனை உணர்ச்சி எதற்கு என்று வியப்பவர்கள் சற்று வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1949ஆம் ஆண்டு இஸ்ரேலும் ஜோர்டானும் செய்துகொண்ட போர்நிறுத்த உடன்படிக்கையின் எட்டாவது பிரிவு புனிதத் தலங்களுக்குத் தடையின்றிச் செல்லும் உரிமையைப் பேசியது. ஆயினும் 1967 வரை இஸ்ரேலியர் எவரும் மேற்குச் சுவரண்டை நின்று ஜெபிக்க முடியவில்லை. எபிரோனில் உள்ள மக்பேலா குகையின் கதை இன்னும் நீண்டது. ஏத்தியனாகிய எப்பெரோனிடமிருந்து ஆபிரகாம் நானூறு வெள்ளிச் சேக்கலுக்கு வாங்கியதாக ஆதியாகமம் சொல்லும் அந்தக் கல்லறைத் தலத்துக்குள் நுழைய, மம்லூக் ஆட்சியாளர்கள் 1267ஆம் ஆண்டு யூதர்களுக்குத் தடை விதித்தார்கள். கட்டடத்தின் வெளிப்புறப் படிக்கட்டில் ஏழாவது படி வரையே அவர்கள் ஏறலாம். எழுநூறு ஆண்டுகள் தலைமுறை தலைமுறையாக அந்த ஏழாவது படியில் நின்றே ஜெபித்தார்கள். 1929ஆம் ஆண்டு அதே நகரில் 67 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அரபு அண்டைவீட்டார் பலர் தங்கள் வீடுகளில் ஒளித்துவைத்துக் காப்பாற்றியதால் மேலும் பலர் பிழைத்தார்கள். இந்த நினைவோடு இன்று அந்தக் குகைக் கட்டடத்துக்குள் நின்று ஜெபிப்பவருக்கு, வாசலில் நிற்கும் இளைஞன் சாதாரணப் பாதுகாப்பு ஏற்பாடாகத் தெரிவதில்லை.

எபிரோனில் 2002 நவம்பர் 15ஆம் தேதி இரவு நடந்ததை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். அன்று வெள்ளிக்கிழமை. ஓய்வுநாள் தொடங்கிவிட்டால் பக்தியுள்ள யூதர்கள் வண்டியில் ஏறமாட்டார்கள். ஆகையால் அருகிலுள்ள கிரியாத் அர்பா குடியிருப்பிலிருந்து மக்பேலாவுக்கு ஜெபிக்க வந்தவர்கள் நடந்தே திரும்ப வேண்டும். கவச வாகனத்தில் ஏற்றி அனுப்பும் வழி கிடையாது. எனவே வாரந்தோறும் அந்தப் பாதையின் இருபுறமும் வீரர்கள் நின்று, பெண்களும் முதியவர்களும் குழந்தைகளுமாகச் செல்லும் கடைசிக் கூட்டம் குடியிருப்பின் வாயிலுக்குள் நுழையும் வரை காவல் காப்பார்கள். அன்றிரவும் அப்படியே வழிபட்டோர் அனைவரும் வீடு சேர்ந்துவிட்டார்கள். அதன் பின்னரே துப்பாக்கிச் சூடு தொடங்கியது. இஸ்லாமிய ஜிகாத் அமைப்பைச் சேர்ந்த ஆயுததாரிகள் பாதையை ஒட்டிய ஒரு சந்தில் பதுங்கியிருந்தார்கள். சுடப்பட்டவர்களை மீட்க ஓடியவர்களும் அதே சந்தில் சிக்கிக்கொண்டார்கள். எபிரோன் படைப்பிரிவின் தளபதி கர்னல் திரோர் வைன்பெர்க் விரைந்து வந்து இறங்கிய சிறிது நேரத்தில் சுடப்பட்டு இறந்தார். மாண்டவர்கள் மொத்தம் 12 பேர்: படைவீரர்கள், எல்லைக் காவல் படையினர், குடியிருப்பின் தன்னார்வப் பாதுகாவலர்கள். எல்லைக் காவல் படையினருள் லெபனான் எல்லையோரத்துப் பதூயின் அரபுக் கிராமத்தைச் சேர்ந்த அதிகாரி ஒருவரும் இருந்தார். முதலில் வெளியான செய்திகள் வழிபட்டுத் திரும்பியவர்கள் கொல்லப்பட்டதாகக் கூறின. பிறகுதான், இறந்தவர்களில் வழிபடச் சென்றவர் ஒருவர்கூட இல்லை என்பதும், அவர்களை வீடு சேர்த்தவர்கள் மட்டுமே இறந்தார்கள் என்பதும் தெரியவந்தது. அந்தப் பாதையில் நடப்பவர்களுக்கு நன்றி என்பது சொல்லித்தர வேண்டிய பண்பாக இராது.

காவல் நிற்பவன் யூதனாகத்தான் இருப்பான் என்று எண்ணுவதும் தவறு. அரபு மொழி பேசும் தனிச் சமயத்தவரான துரூஸ் சமூகத்தவர் இஸ்ரேலியப் படையிலும் காவல்துறையிலும் பெருமளவில் பணியாற்றுகிறார்கள். 2014 நவம்பர் 18 அன்று காலை, எருசலேமின் ஹர் நோஃப் பகுதி ஜெப ஆலயம் ஒன்றில் ஜெபச் சால்வை போர்த்தி நின்றவர்கள்மீது வெட்டுக்கத்தியோடும் கைத்துப்பாக்கியோடும் இருவர் பாய்ந்தார்கள். நால்வர் அன்றே இறந்தார்கள். படுகாயமடைந்த ஒருவர் ஏறத்தாழ ஓராண்டு நினைவிழந்து கிடந்தபின் இறந்தார். முதலில் வந்து சேர்ந்த காவலர்களில் ஒருவரான ஸீதான் சைஃப், போக்குவரத்துக் காவல் பிரிவைச் சேர்ந்த துரூஸ் இளைஞர். தாக்கியவர்களை எதிர்கொண்ட அவர் தலையில் குண்டடிபட்டு அன்றிரவே உயிர்நீத்தார். அவருக்குக் கைக்குழந்தை இருந்தது. மறுநாள் கலிலேயா மலைப்பகுதியில் உள்ள அவருடைய யானூஹ் ஜத் ஊரில் நடந்த இறுதிச் சடங்குக்கு அன்றைய குடியரசுத் தலைவர் ரூவென் ரிவ்லின் சென்றார். எருசலேமிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும், கறுப்பு அங்கியும் தொப்பியும் அணிந்த, தீவிர மரபுவழியினரான ஹரேதி யூதர்கள் பேருந்துகளில் வந்து இறங்கினார்கள். தங்கள் குடியிருப்புகளை விட்டு அதிகம் வெளியே செல்லாத, அரசோடும் படையோடும் ஒட்டாத மக்கள் அவர்கள். வெள்ளைத் தலைப்பாகை கட்டிய துரூஸ் பெரியவர்களிடையே அவர்கள் நின்று துக்கம் கேட்டதைக் கண்டவர்கள், நன்றி என்பது எவ்வளவு தூரம் நடக்கும் என்பதைக் கண்டார்கள்.

அந்த நன்றி பின்னர் சோதிக்கப்பட்டதையும் மறைக்கக் கூடாது. 2018 ஜூலையில் நிறைவேறிய தேசிய அரசுச் சட்டம், தேசிய இன அளவிலான சுயநிர்ணய உரிமை இஸ்ரேலில் யூத மக்களுக்கே உரியது என்று அறிவித்தபோது, துரூஸ் மக்கள் ஆழமாகப் புண்பட்டார்கள். ஆகஸ்டு தொடக்கத்தில் டெல் அவிவின் ரபின் சதுக்கத்தில் பல்லாயிரவர் திரண்டார்கள். யூதர்களும் பெருந்திரளாக அவர்களோடு நின்றார்கள். இறுதிச் சடங்குக்குச் செல்வதோடு கடன் தீர்ந்துவிடாது என்று புரிந்துகொண்டவர்கள் அவர்கள் என்பது என் கருத்து.

இஸ்ரேலுக்கு வெளியே இந்த நன்றியில் தேசியப் பெருமை ஏதும் கலப்பதில்லை. 2015 ஜனவரியில் பாரிசில் நடந்த தாக்குதல்களுக்குப் பிறகு, பிரெஞ்சு அரசு ஏறத்தாழ 10,000 படைவீரர்களை உள்நாட்டுக் காவலுக்கு அனுப்பியது. அவர்களில் பலர் ஜெப ஆலயங்களின் வாசலிலும் யூதப் பள்ளிகளின் வாசலிலும் நின்றார்கள். பிப்ரவரி 3 அன்று நீஸ் நகரில் ஒரு யூத சமூக மையத்தைக் காத்து நின்ற மூன்று வீரர்கள் கத்திக்குத்துக்கு ஆளானார்கள். காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மனியின் ஹாலே நகரம் சான்று. 2019 அக்டோபர் 9, யூதர்களின் பாவநிவிர்த்தி நாளன்று, அங்குள்ள ஜெப ஆலயத்தில் சுமார் ஐம்பது பேர் உபவாசமிருந்து ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் காவலர் எவரும் இல்லை. ஆயுதத்தோடு வந்தவன் கதவைத் தகர்க்க முயன்று தோற்றான். பூட்டிய மரக் கதவு ஒன்று அந்த ஐம்பது பேரைக் காத்தது. வெளியே தெருவிலும் உணவகத்திலும் இருந்த இருவர் கொல்லப்பட்டார்கள்.

இந்தியாவும் இந்தக் கணக்கில் உண்டு. 2008 நவம்பரில் மும்பையின் நரிமன் இல்லத்தில், யூதப் பயணிகளுக்கு ஜெபத்துக்கும் உணவுக்கும் இடமளித்த, சபாத் என்ற யூத இயக்கத்தின் மையத்தை மீட்க, தேசியப் பாதுகாப்புப் படையினர் ஹெலிகாப்டரிலிருந்து கயிறு வழியே மொட்டைமாடியில் இறங்கினார்கள். ஹவில்தார் கஜேந்தர் சிங் பிஷ்ட் அந்தப் போரில் வீழ்ந்தார். அவருக்கு அசோகச் சக்கர விருது வழங்கப்பட்டது. உள்ளே இருந்த பிணைக்கைதிகளைக் காப்பாற்ற முடியவில்லை. முகம் அறியாத மக்களுக்காக அவர் சென்றார்.

இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன். மக்பேலா முஸ்லிம்களுக்கும் புனிதமானது. அவர்களுக்கு அது இப்ராகிமி பள்ளிவாசல். 1994 பிப்ரவரி 25 அன்று, ரமலான் மாத அதிகாலைத் தொழுகையில் குனிந்திருந்த 29 பேரை, இஸ்ரேலியப் படையின் சீருடையில் வந்த பாரூக் கோல்ட்ஸ்டீன் என்ற யூதக் குடியேறி சுட்டுக் கொன்றான். அந்தக் கட்டடத்துக்குக் காவல் பொறுப்பேற்றிருந்தது இஸ்ரேலியப் படை. தலைமை நீதிபதி மெயிர் ஷம்கார் தலைமையிலான விசாரணைக் குழுவுக்குப் பிறகு கட்டடம் இரு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஆண்டில் பத்து நாள் முழுக் கட்டடமும் யூதர்களுக்கு, பத்து நாள் முழுவதும் முஸ்லிம்களுக்கு என்ற ஏற்பாடும் வந்தது. எபிரோனின் ஷுஹதா தெருவில் பாலஸ்தீனரின் கடைகள் மூடிக்கிடப்பதும், சோதனைச் சாவடிகளில் அவர்கள் காத்து நிற்பதும் அந்தக் காவலின் விலையில் ஒரு பகுதி. அந்த விலையைத் தாங்களே கொடுக்காதவர்கள் அதைக் காணாததுபோல் நடந்துகொண்டால், அவர்கள் சொல்லும் நன்றியில் குறை இருக்கிறது என்றே சொல்வேன். வாசலில் நிற்கும் பத்தொன்பது வயது இளைஞன் அந்த நகரின் அரசியலை வகுத்தவன் அல்லன். அவனுக்குச் சொல்லும் நன்றி அந்த அரசியல் முழுவதற்கும் இட்ட கையொப்பமும் ஆகாது. தன்னைக் காத்தவனுக்கு நன்றி சொல்லிவிட்டு, அதே காவல் 1994இல் தொழுதவர்களைக் காக்கத் தவறியதற்காக வருந்துவது ஒரே மனிதரால் முடிந்த காரியம்; அப்படிச் செய்யும் யூதர்கள் இருக்கிறார்கள்.

யூத சமூகத்துக்குள்ளேயே இந்த நன்றி ஒரு கடினமான வழக்காகவும் நிற்கிறது. தோரா பயிலும் மாணவர்களுக்குக் கட்டாயப் படைப்பணியிலிருந்து விலக்களிக்கும் வழக்கம் 1948இல் முதல் பிரதமர் பென் குரியன் காலத்தில் சில நூறு பேருக்காகத் தொடங்கியது. பிறகு அது பல்லாயிரவரைத் தழுவும் அளவுக்கு வளர்ந்தது. அந்த விலக்குக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று 2024 ஜூன் 25 அன்று இஸ்ரேலிய உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தோராவைப் பயில்வதே நாட்டைக் காக்கும் காவல் என்பது ஹரேதிகளின் மனப்பூர்வமான நம்பிக்கை. அதை எள்ளி நகையாட மாட்டேன். ஆயினும் கட்டாயப் போரில் மணவறையிலிருந்து மணமகனும் புறப்பட வேண்டும் என்று மிஷ்னா சொல்வதை எடுத்துக்காட்டும் மற்ற பக்தியுள்ள யூதர்களின் வாதமே எனக்கு வலிமையாகப் படுகிறது. அவர்களுடைய பிள்ளைகள் வாசலில் நிற்கிறார்கள். மேற்குச் சுவரண்டை நாள்தோறும் நிறைந்து நிற்பவர்களில் பலருடைய பிள்ளைகள் நிற்பதில்லை.

கடைசியாக, வழிபடச் செல்பவர் இந்த நன்றியை நடத்தையில் எப்படிக் காட்டலாம் என்பதற்கு நாப்லஸ் மிகத் தெளிவான இடம். பழைய சீகேமான அந்த நகரில் யோசேப்பின் கல்லறை என்று போற்றப்படும் சிறிய கட்டடம் இருக்கிறது. இஸ்ரேலும் பாலஸ்தீனரும் 1990களில் செய்துகொண்ட ஒஸ்லோ உடன்பாடுகளின்படி அது பாலஸ்தீன நிர்வாகத்தின் முழுக் கட்டுப்பாட்டில் உள்ள பகுதி. 1996 செப்டம்பரில் அங்கே ஆறு இஸ்ரேலிய வீரர்கள் கொல்லப்பட்டார்கள். 2000 அக்டோபர் 1 அன்று, பைத் ஜன் என்ற துரூஸ் ஊரைச் சேர்ந்த எல்லைக் காவல் வீரர் மத்ஹத் யூசுஃப், கழுத்தில் குண்டடிபட்டு, வெளியே கொண்டுவர முடியாமல் மணிக்கணக்காக இரத்தம் வடிந்து இறந்தார். ஆறு நாள் கழித்து படை அங்கிருந்து விலகியது. அதன் பிறகு பல ஆண்டுகளாக யூதர்கள் அங்கே சென்றுவந்தது பெரும்பாலும் மாதம் ஒருமுறை அளவில், நள்ளிரவுக்குப் பின், படையின் ஏற்பாட்டில். முதலில் வீரர்கள் நகருக்குள் சென்று சாலைகளை மறிக்கிறார்கள், வெடிபொருள் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதன் பிறகு பேருந்துகள் வரிசையாக நுழைகின்றன. விடிவதற்குள் எல்லோரும் திரும்பிவிடுவதே வழக்கமாக இருந்துவந்தது. அந்த இரவுகளில் உள்ளூர்ப் பாலஸ்தீனரோடு மோதல் மூள்வதும், சில நேரம் உயிர்கள் போவதும் வழக்கமாகிவிட்டன. 2022 ஜூன் இறுதியில் இத்தகைய ஓர் இரவில் அந்தப் பகுதியின் படைத்தளபதியும் வழிபட வந்தவர் இருவரும் சுடப்பட்டுக் காயமுற்றார்கள்.

இத்தனை தெரிந்தும் சிலர் அனுமதியின்றித் தாங்களாகவே இரவில் அங்கே நுழைகிறார்கள். 2011 ஏப்ரலில் அப்படிச் சென்ற வண்டிகளைப் பாலஸ்தீனக் காவலர் சுட்டதில் ஒருவர் உயிரிழந்தார். அழைக்காமல் நுழைந்தவர்களை மீட்க ஒவ்வொரு முறையும் அதே வீரர்கள், ஆயத்தம் ஏதுமின்றி, அதே தெருக்களுக்குள் போக வேண்டியிருக்கிறது. வீரர்களுக்காக ஓய்வுநாள் ஜெபத்தில் எழுந்து நிற்பவர், குளிர்காலத்தில் சோதனைச் சாவடிக்குச் சூடான தேநீரும் ஹனுக்கா பண்டிகைக்கு எண்ணெய்ப் பலகாரமும் கொண்டு கொடுப்பவர், இந்த ஒன்றையும் சேர்த்துச் செய்ய வேண்டும்: முன்பதிவு செய்துகொண்டு, அனுமதித்த இரவில் மட்டும் சென்று, உள்ளே ஜெபத்தை நீட்டாமல், அவர்கள் சொன்ன நேரத்தில் பேருந்தில் ஏறிவிட வேண்டும்.